ஆன்சி எந்தப் பக்கம் திரும்புகிறாள்?

காசிமேட்டு ஐஸ் கம்பெனி ஒன்றில் இன்னாசிக்குப் பதினோரு வருட சர்வீஸ். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். இந்த மேதைமையின் பலத்தில், தெருவில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்பான். பிறகு அந்த வீட்டில் புது ஃபேன் வாங்கிவிடுவார்கள்.

அவன் மனைவி ஆன்சிக்கு எண்ணூரில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் கேட் கிளர்க் வேலை கிடைத்திருந்தது. காலை ஷிப்டுக்கு பஸ்ஸை நம்பமுடியாது என்பதால் கணவனின் கியர் பைக்கையே ஓட்டப் பழகினாள். பழக்கிக்கொடுத்தது இன்னாசிதான் என்று அவன் சொல்லிக்கொள்வான். பின்னால் உட்கார்ந்து கத்தியதைத்தான் சொல்கிறான்.

வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். செவ்வாயன்று ஒரு மீன் வண்டி உரசி பின்பக்க இண்டிகேட்டர் ஒன்று உடைந்தது. ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றுவது சாதாரண மனிதர்கள் செய்வது. இன்னாசி வண்ணாரப்பேட்டையில் ஷாரிக்கின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், அம்பு வடிவத்தில் நான்கு எல்.இ.டி. இண்டிகேட்டர்கள் வாங்கினான்.

"நைனா, இதுக்கு மின்ன வெக்கிற ஃப்ளாஷரும் மாத்தணும். இல்லாங்காட்டி படபடன்னு அடிக்கும்" என்றான் ஷாரிக். "அப்பறம் உன் வண்டி மீட்டர்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பல்புதான் கீது. அது வழியா கரண்டு அந்தாண்ட பக்கமும் பூந்துரும். பழைய பல்பு எரிய அது பத்தாது. எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும். வுட்டுட்டுப் போ, நானே போட்டுத் தரேன்."

"பாய், எனக்கே கரண்டு பாடமா?" என்று சிரித்துவிட்டு வந்தான் இன்னாசி. வியாபார தந்திரத்தை முறியடித்த பெருமிதம் வழியெல்லாம் அவன் முகத்தில் இருந்தது.

புதன்கிழமை லீவு போட்டு, வாசலில் வண்டியை நிறுத்தி, யூடியூபில் இந்திக்காரர் ஒருவரைப் பேசவிட்டு வேலையை ஆரம்பித்தான். அவனுக்கு இந்தி தெரியாது. மாலை நாலு மணிக்கு ஆன்சியைக் கூப்பிட்டு இடதுபக்கம் சுவிட்சைத் தள்ளினான். நான்கு விளக்குகளும் சேர்ந்து, வலிப்பு வந்ததுபோல் துடித்தன. வலதுபக்கம் தள்ளினான். அதே நான்கும் அதே வேகத்தில் துடித்தன.

"இன்னாயா இது? லெஃப்டா ரைட்டா?" என்றாள் ஆன்சி.

"பின்னால வர்றவன் ரெண்டு பக்கமும் உஷாரா இருப்பான்ல? இது சேஃப்டி."

"நாளிக்கு எனக்கு டெஸ்டுயா!"

"சுவிட்ச நீ எந்தப் பக்கம் தள்றன்னுதான பாப்பாங்க?"

அன்றிரவு ஆன்சி அவனோடு பேசவில்லை. அதை அவன் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆன்சி எட்டு போட்டாள். கால் தரையில் படவில்லை. அடுத்து நேராகப் போய் இடதுபக்கம் திரும்பச் சொன்னார்கள். சுவிட்சைத் தள்ளினாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆன்சிக்குக் காதெல்லாம் சுட்டது. சுவிட்சை அணைத்தாள். இடது கையை நீட்டிக் காட்டி, கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினாள். அடுத்த வளைவில் வேகத்தைக் குறைத்து வலது கையை நீட்டினாள். நிற்குமுன் உள்ளங்கையை மேலும் கீழும் அசைத்தாள். எல்.எல்.ஆர். புத்தகத்தில் யாரும் படிக்காத அந்தப் பக்கத்தை அவள் படித்திருந்தாள்.

"இந்த வயரிங் யார் செஞ்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்னாசி பெருமையோடு இரண்டடி முன்னால் வந்தான். "நான்தான் மேடம்."

"உங்க மிஸஸ் பாஸ். இந்த வண்டியை மட்டும் இப்படி ரோட்டுல ஓட்டாதீங்க. முதல்ல சரி பண்ணுங்க."

ஆன்சியே ஓட்டிக்கொண்டு நேராக வண்ணாரப்பேட்டைக்கு விட்டாள். "நான் திரும்பறப்போ நீ கைய நீட்டு. என் கை ஹேண்டில்ல கீது" என்றாள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலிருந்து கடைவரை, பதினோரு வருட சர்வீஸ்காரன் பின்சீட்டில் உட்கார்ந்து இந்தக் கையும் அந்தக் கையுமாக நீட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் அவன் தப்பான கையை நீட்ட, பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒரு முழுத் தெருவுக்கும் கேட்கும்படி அவன் பரம்பரையை விசாரித்தார்.

ஷாரிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். ஃப்ளாஷரை மாற்றி, கரண்டு மறுபக்கம் பாயாதபடி மீட்டர் பல்புக்கு இரண்டு டயோடு வைத்தான். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இடது என்றால் இடதுபக்கம் மட்டும், நிதானமாக மின்னியது.

"நான் போட்ட ஜாயிண்டு ஒண்ணும் கழலல பாத்தியா?" என்றான் இன்னாசி.

ஆன்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாக அடக்கிவைத்த சிரிப்பு. கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே இன்னாசியும் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை அவள் வண்டியில் எண்ணூருக்குப் போனாள். இன்னாசி டிபன் டப்பாவோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.