முழங்காலுக்குக் கீழே கான்கிரீட்

வசுமதியின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தை மாதம் தொடங்கிய வேலை. இப்போது மூன்றாவது மாடி.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புப் புற்று என்றார். வளரச் சொல்லும் தகவலைச் செல்லுக்குள் புரதங்கள் கொண்டுபோகின்றன, நிறுத்தச் சொல்ல ஆளில்லை என்றார். வெள்ளிக்கிழமைக்குள் வேலை நிற்காவிட்டால் காலையே எடுக்க வேண்டும்.

புரதம் என்று கேட்டதும் அவள் கணவன் பாஸ்கரன் வீட்டில் முட்டையையும் பருப்பையும் நிறுத்தினான். கட்டடம் நிற்கவில்லை.

வியாழக்கிழமை அவளே கிளம்பினாள். முழங்கால் சில்லுக்குப் பின்னால் படிக்கட்டு இருந்தது. இறங்க இறங்க நீண்டது. கீழே மேஸ்திரி லூர்துசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வேலையை நிறுத்தச் சொன்னாள்.

"தளம் போடுறப்ப நடுவுல நிறுத்தக் கூடாதும்மா. விரிசல் விட்டுரும்."

"இது என் கால்."

"உங்க காலுதான். யாரு இல்லைன்னாங்க?"

தளம் எப்போது முடியும் என்று கேட்டாள். அதை யாரும் சொல்லவில்லை என்றார்.

வரிசையாக நின்ற ஆட்கள் சாந்துச் சட்டியைக் கைமாற்றினார்கள். சட்டியோடு "போடு" என்ற சொல்லையும் கைமாற்றினார்கள். யார் சொன்னது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒவ்வொருவரும் முந்தைய ஆளைக் காட்டினார்கள். வரிசையின் முனையில் ஒரு கதவு. வெளியே ஒருவர் அழைப்பு மணியைக் கட்டைவிரலால் அழுத்தியபடி நின்றார். நல்ல முகம்.

"நீங்கதான் புரதமா?"

"அப்பிடித்தான் சொல்றாங்க."

"கையை எடுங்க."

அவர் முயன்றார். விரலும் பொத்தானும் ஒரே சதையாகியிருந்தன. அழுத்தச் சொன்னவர் எடுக்கச் சொல்லாமல் போய்விட்டாராம். மணியை அணைக்கவென்றே ஓர் ஆள் இருப்பாரே என்று கேட்டாள்.

"இருந்தாரு. அந்தத் தூணுல இருக்காரு. மொத நாளே சேத்துப் போட்டுட்டாங்க."

தூணில் ஒரு சட்டைக் காலர் தெரிந்தது.

பொத்தானுக்கும் சுவருக்கும் நடுவே சின்ன இடுக்கு. வசுமதி ஆள்காட்டி விரலை அதில் நுழைத்தாள். மணி நின்றது. சட்டிகள் இறங்கின. யாரோ தூக்குவாளியைத் திறந்தார்கள். புளிச்சோற்று வாசனை வந்தது.

பல மாதங்களுக்குப் பிறகு கால் அவளுடையதாக இருந்தது. வலிகூட அவளுடையதாகத்தான் இருந்தது. இத்தனை பேருக்கும் வேலை போயிற்றே என்று அவளுக்கு வருத்தம் வந்தது. அப்படி வருத்தப்பட்டதற்காக வெட்கமும் வந்தது. விரலை எடுத்தால் மீண்டும் அடிக்கும் என்பது புரிந்தது. எடுக்காமல் நின்றாள். இப்படியே வெள்ளி வரை நிற்கலாம். பாஸ்கரன் சாதம் வடித்துவிடுவான்.

எதிர்க் கதவில் மணி அடித்தது.

அங்கேயும் ஒருவர் நின்றிருந்தார். இதுவரை அவருக்கு வேலை இல்லை. சட்டிகள் மறுபடி எழுந்தன. "போடு" வரிசையில் வந்தது.

வசுமதிக்கு இன்னொரு கை இருந்தது. நீட்டினாள். எட்டியது. அந்த மணியும் நின்றது.

அப்பால் இன்னொரு கதவு. அந்த மூன்றாவது கதவுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மாவுக்கு எத்தன கை?"

"ரெண்டு."

"காலு?"

வசுமதி யோசித்தாள்.

"அத நாளைக்குத்தான் சொல்லுவாங்க."

அவர் தலையாட்டிவிட்டு மணியை அழுத்தினார்.