கைக்கு அடங்கிய துப்பாக்கி

கீனாய் ஆற்றுக்குத் தனியாக மீன் பிடிக்கப் போவதென்றால் இடுப்பில் நாற்பத்துநாலு காலிபர் ரிவால்வர் இருக்க வேண்டும். இது என் கணவன் ஆர்வின் போட்ட சட்டம். அதற்குக் குறைந்ததைக் காட்டினால் பழுப்புக் கரடி கொட்டாவி விடும் என்பான். எனக்கோ தனியாகப் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றே தூண்டில் போட்டு அலுத்துப்போயிருந்தேன்.

கடைக்காரர் வேட் துப்பாக்கியைக் கொடுத்ததும் என் கை தொய்ந்தது. ரப்பர் பிடி உள்ளங்கைக்கு மீறித் தடித்திருந்ததால் விரல் நுனி மட்டும்தான் விசையைத் தொட்டது.

"இது உனக்குச் சரிப்படாது மார்லிஸ். சின்னதா ஒண்ணு காட்டவா? கைப்பையிலயே அடங்கிடும்."

"கரடியும் கைப்பையில அடங்கும்னா காட்டுங்க" என்றேன்.

அந்த நாற்பத்துநாலையே வாங்கினேன். ரப்பரைக் கழற்றிவிட்டு மரப்பிடி மாட்டினோம். சமையலறை மேசையில் ஆர்வின் அரத்தால் ராவுவான். நான் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவேன். மறுபடி உப்புத்தாள் போடுவான். கடைசியில் விரல் விசையில் சுகமாக உட்கார்ந்தது. அன்று அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஊருக்கு வெளியே கல்குழியில் சுட்டுப் பழகினேன். முதல் தோட்டாவுக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். துப்பாக்கி பின்னால் உதைத்தது பெரிதாக இல்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா எல்லாரும் பயமுறுத்துனீங்க?"

"பிடி பொருந்திடுச்சுல்ல, அதான்" என்றான் ஆர்வின்.

எங்கள் பக்கத்தில் பலரைப் போல அவனும் வீட்டிலேயே வெடிமருந்து அளந்து தோட்டா அடைப்பவன். அவன் கொடுத்த பெட்டியில் இருந்ததைத்தான் சுட்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்துவிட்டேன்.

சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறிய வாரத்தில் ஒரு காலை, அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் நாய் ஜூனோவைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். புதரிலிருந்து கரடி நேராக என்மேல் வந்தது. தோளைப் பார்த்து இரண்டு முறை சுட்டேன், இரண்டும் பட்டன. அதன் வேகம்கூடக் குறையவில்லை. ஜூனோ குறுக்கே பாய்ந்தது. அதைக் கவ்விக்கொண்டு கரடி புதருக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியை ஆர்வின் முன்னால் வைத்தேன்.

"ரெண்டும் பட்டுச்சு ஆர்வின். கொசு கடிச்ச மாதிரி வந்துச்சு."

அவன் மீதித் தோட்டாக்களை வெளியே தட்டிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"இதெல்லாம் பாதி மருந்து. உதைக்குப் பயந்து நீ விட்டுடுவியோன்னு போட்டேன். ஆத்துக்குப் போறப்ப மாத்தித் தரணும்னு இருந்தேன். நீ சொல்லாம கிளம்பிட்ட."

"நீ சொன்னியா?"

"பிடி பொருந்திடுச்சுன்னு அவ்வளவு சந்தோஷப்பட்ட. எப்படிச் சொல்றது?"

மறுநாள் முழு மருந்துத் தோட்டாக்களோடு கல்குழிக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவனும் வந்தான். குழல் வானத்தைப் பார்த்துத் துள்ளியது. மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. ஆனால் பிடி கையைவிட்டு நழுவவில்லை. உருளை காலியாகும்வரை சுட்டேன். கடைசியில் சுட்டவை குறிக்காக நட்டிருந்த தகரத்தில் பட்டன.

வலித்தது. தாங்க முடிகிற வலிதான். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் தாங்குவேன் என்று சொல்லியிருப்பேன். ஜூனோ உயிரோடு இருந்திருக்கும்.