பின்னறைக்குப் போன பிரிண்டர்

ரிட்டையரான டெலிபோன் மெக்கானிக் சும்மா இருந்தால் வீடு தாங்காது என்று, புது லேசர் பிரிண்டரை மாட்டித்தரும் வேலையை மகள் எனக்குக் கொடுத்தாள். அவள் நடத்துவது சின்ன மொழிபெயர்ப்பு ஆபீஸ். பிரிண்டர் வந்த பெட்டியிலோ ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்.

பழைய பிரிண்டர் பின்னறையில், கணக்கு பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். மொத்த ஆபீஸும் அவருக்கு ஃபைலை அனுப்பிவிட்டு, காகிதம் வாங்க அங்கே போய் நிற்கும். நின்றால் நாலு வார்த்தை பேசாமல் யார் திரும்புவார்? வம்புதான் முதலில் சூடாக வெளிவரும், காகிதம் அப்புறம்.

"பாவம், அவங்களுக்கு ஓயாத தொந்தரவு. இனி ஹால்ல வச்சிடலாம்பா. அவங்கவங்க சீட்லேருந்தே பிரிண்ட் குடுத்துக்கட்டும்," என்றாள் மகள்.

"எனக்கென்ன, நிம்மதி," என்றார் அக்கா. ஆனால் பழைய பிரிண்டர் இருந்த இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மேசை தேய்ந்து மறுபக்கம் தெரிந்திருக்கும்.

ஹாலில் வாசல் பக்கம் வைத்து, நெட்வொர்க் கேபிளைச் செருகி, எல்லாக் கம்ப்யூட்டரிலும் சேர்த்துவிட்டேன். காகிதம் அருவியாய்க் கொட்டியது. பின்னறைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பிரிண்டர் முனகி ஒரு தாளைத் தள்ளியது. அதை எடுக்க அக்கா வந்தார். எல்லோரும் திரைக்குள் மூழ்கிக் கிடந்தார்கள். சற்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் கையிலிருந்த தாளில் ஓர் எழுத்துகூட இல்லை.

மறுநாள் காலை மகளிடம் நான் வாயைத் திறந்ததும் முதலில் வந்தது பொய்தான்.

"வாசல் தூசி இந்த மெஷினுக்கு ஆகாதும்மா. ஒரு லாரி போனா ஒரு கூடை மண்ண முழுங்குது. இப்படியே விட்டா இருமி இருமியே செத்துடும்."

"பிரிண்டர் இருமுமாப்பா?"

"நேத்து நீ கவனிக்கல."

"பின்னறைல மட்டும் தூசி இல்லியா?"

"அங்கதான் நேத்துலேருந்து துடைச்சுத் துடைச்சு வச்சிருக்காங்களே."

மகள் பின்னறைப் பக்கம் திரும்பினாள். அக்கா அப்போதும் கையில் துணியோடுதான் இருந்தார்.

"கேபிள் அவ்வளவு தூரம் எட்டுமா?" என்றாள் மெதுவாக.

"அதெல்லாம் காலையிலயே இழுத்தாச்சு."

பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

"மறுபடியும் என் தலையிலதானா சார்?" என்று சலித்துக்கொண்டே, வருகிறவர்கள் உட்கார இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார் அக்கா.