மாப்பிள்ளைக்குப் பத்தியம்

பிள்ளை பிறந்த பன்னிரண்டே நாளில் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் ஓர் ஆள் கன்னம் மினுமினுக்கத் தேறியிருந்தது. பெற்றவள் அம்சவள்ளி அல்ல. அவள் புருஷன் சேது.

சுக்கு, திப்பிலி, ஓமம், சதகுப்பை, பூண்டு எல்லாம் சேர்த்துப் பனைவெல்லத்தில் கிளறிய பிரசவ லேகியத்தை அவள் அம்மா நல்லம்மாள் பெரிய டின் நிறையக் கொடுத்திருந்தாள். வயிற்றழுக்கு நீங்கும், இடுப்புவலி போகும், பால் ஊறும். டின் மாமியார் வள்ளியம்மாவின் பொறுப்பு. மருமகளுக்குச் சுண்டைக்காய் அளவு. லோரி ஓட்டும் மகனுக்கு எலுமிச்சை அளவு.

"புள்ள அழுது அவனுக்குத் தூக்கமே இல்லலா. ஒடம்பு தேற வேணாமா?"

பிள்ளை அழுதது பசியில். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி எடை பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒங்கம்மா மருந்துல சரக்கு பத்தல" என்றாள் வள்ளியம்மா. அம்சவள்ளி பச்சைத்தண்ணீரைத் தொட்டால் மட்டும், "ஜன்னி கண்டுடும்டி!" என்று அலறுவாள்.

அம்மாவைப் பழித்ததுதான் அம்சவள்ளிக்குப் பொறுக்கவில்லை. சொல்லியனுப்பினாள். நல்லம்மாள் சுங்கை செம்பிலாங்கிலிருந்து சுறாமீனும் இன்னொரு டின்னுமாக பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"மருந்து நல்லாத்தாம்மா வேலை செஞ்சிருக்கு. ஒன் மாப்பிள்ளையப் பாரு" என்றாள் அம்சவள்ளி. "பத்தியம் நான் இருக்கேன். மருந்து அவரு திங்கிறாரு."

நல்லம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். "ஐயையோ சம்பந்தி! பத்தியம் இல்லாம இதத் தின்னா ஜன்னி கண்டுடுமே!"

அம்மாவின் உதட்டோரம் துடித்ததை அம்சவள்ளி மட்டும் பார்த்தாள். வள்ளியம்மாவின் முகம் வெளுத்தது.

அன்றே நாற்பது நாள் பத்தியம் தொடங்கிச் சேதுவின் வயிற்றில் பழைய சேலையைச் சுற்றி இறுக்கியாயிற்று. குளிக்கக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், தின்னச் சுட்ட கருவாடும் குழைந்த சோறும்.

"அத்தை, கள்ளு?"

"குளிர்ச்சி, மாப்பிள்ளை. வாசனைகூட ஆகாது."

சுறாப்புட்டு பூண்டு மணக்க வெந்தது. முழுவதும் அம்சவள்ளிக்கு. புது டின் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

ஒரு வாரம் போனது. வாசலில் கூட்டாளி தனபாலன் குரல் கேட்டது. "சேது! வீடியோ டேப்பு எடுத்தாந்திருக்கேன், வாடா!"

"அவன் வரமாட்டான்யா" என்று வள்ளியம்மா லயம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். "பத்தியத்துல இருக்கான்! இன்னும் முப்பத்துமூணு நாளு!"

வெளியே சிரிப்பு வெடித்தது. அந்தச் சத்தத்திலும் பிள்ளை விழிக்கவில்லை. வயிறு நிறைந்து, கடைவாயில் பால் வழிய உறங்கியது.