தையலுக்கு விட்ட இடம்

கீழ்க் கீலின் கடைசித் திருகாணி மட்டும் அடம் பிடித்தது. மற்றவை எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. ஏற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் சோப்பு தடவித்தான் ஏற்றியிருந்தாள் டிரைவரின் மனைவி. இந்த ஒன்றை அவர் ஏற்றியிருக்க வேண்டும். அறைக் கதவுக்கு அடியில் டிரைவர் ஒரு கட்டைத் துண்டைச் செருகி, முழங்காலால் முட்டுக் கொடுத்து, திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவரைத் தாண்டித் தாண்டித்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே, கட்டிலில், விடியற்காலையிலிருந்து அவள் அசையாமல் கிடந்தாள்.

"அப்பா, இப்ப இந்தக் கதவுதான் முக்கியமா?" என்றாள் மகள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"கூட்டம் வரும்மா. இது உள்பக்கமா திறக்குது. பாதி அறையை இதுவே அடைச்சுக்குது."

"அதுக்குத்தானே அம்மாவை வாசலுக்குக் கொண்டு வந்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க? தார்ப்பாய் கட்டியாச்சு, நாற்காலி போட்டாச்சு."

"அவ உள்ளதான் இருப்பா."

மகள் அவரை உற்றுப் பார்த்தாள். பஸ் ஓட்டிய காலத்தில் யார் கை காட்டினாலும் நிறுத்தி ஏற்றிக்கொண்ட மனிதர் அவர். வீட்டிலும் அதே கதைதான், யார் எது சொன்னாலும் சரி என்பார். அப்படிப்பட்டவர் ஒரு பேச்சில் இப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

அவர் நின்றதற்குக் காரணம் இருந்தது. அதன் பெயர் மேஸ்திரி. மனைவியின் அண்ணன், சுற்று வட்டாரத்தில் பாதி வீடுகளைக் கட்டியவர். தங்கை மனை வாங்கியதும் அவர்தான் முதலில் வந்து நூல் பிடித்தார். தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்தால்தான் வீட்டுக்கு லட்சணம் என்றார். தங்கை தையல்காரி. வாடகை வீடுகளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தன் நிழலிலேயே ஊசி கோத்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். மிஷினுக்கு இடது பக்கம் வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னல் அங்கேதான் வேண்டும் என்றாள். அவர் விடவில்லை, இவளும் விடவில்லை. கடைசியில், "அப்ப நானே கட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

மேஸ்திரிக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "கத்திரிக்கோலை வச்சுக்கிட்டு வீடு கட்டப் போறாளாம். கட்டட்டும். அந்த வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன். ஒரு மழை தாங்காது."

அவள் கட்டினாள். கட்டடம் நடக்கிற இடங்களிலெல்லாம் போய் நின்று கேள்வி கேட்டாள். செங்கலில் தையல் சாக்பீஸால் கோடு போட்டாள். டிரைவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார், மண் சலித்தார், சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார், திட்டு வாங்கினார். கூரை போடவும் கனமான வேலைக்கும் மட்டும் ஆள் வைத்தார்கள். ஒரு சுவர் கோணலாக எழும்பியது. அதை இடித்துவிட்டுத் திரும்ப எழுப்பினாள். தைத்ததைப் பிரித்துத் தைக்கிறவளுக்கு அது ஒரு வேலையே இல்லை.

அண்ணனும் தங்கையும் பேசாமல் இருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் வாரா வாரம் வருவார், கேட்டுக்கு வெளியே நிற்பார். இவள் உள்ளே நிற்பாள். இருவரும் மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பார்கள். பேச்சு முடிந்ததும் அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். அவள் உடம்பு முடியாமல் படுத்த பிறகும் அவர் கேட்டைத் தாண்டவில்லை, ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

போன வாரம் அவள் சொன்னாள்: "குறை சொல்லட்டும்ங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ள வந்து பார்த்துட்டுச் சொல்லட்டும். வெளிய நின்னு சொல்றதுதான் எனக்குப் பொறுக்கல."

நிறைவாக வாழ்ந்தவள்தான். கடைசியாகக்கூட அரை டம்ளர் தண்ணீர் குடித்து, திரைச்சீலை கோணலாகத் தொங்குகிறது என்று அவரைத் திட்டி, அவர் அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு இந்த ஒன்றுதான் பாக்கி. வாசலில் கிடத்தினால் அண்ணன் வந்து வாசலிலேயே அழுதுவிட்டுப் போய்விடுவார். அதற்கு டிரைவர் இடம் கொடுப்பதாக இல்லை.

திருகாணி ஒருவழியாக வந்தது. இனி மேல் கீல். முதலில் கீழே, பிறகுதான் மேலே; மாற்றிக் கழற்றினால் கதவு மண்டையில் விழும் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது. கதவு அலுங்காமல் இறங்கியது. அதைச் சுவரோரம் சாய்த்தபோது தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

மேஸ்திரி கேட்டில் நின்றார். முகம் வீங்கியிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"எங்க மாப்பிள்ளை அவ?"

"உள்ளதான் இருக்கா மச்சான்."

"வெளிய கொண்டு வரலையா?"

"இல்ல."

"எப்பக் கொண்டு வருவீங்க?"

"வண்டி வந்ததும் நேரா வண்டிக்குத்தான்."

மச்சான் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? சாவு வீட்டில் இப்படி வீம்பு பிடிக்கிறோமே என்று டிரைவருக்கே அசிங்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கூட்டம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

மேஸ்திரி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

யாரையும் பார்க்காமல் வந்தார். அறைக்குள் போனவர் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "உனக்கென்ன அவசரம்? நான் இருக்கும்போது உனக்கென்னடி அவசரம்?" என்று குழந்தைபோல் விக்கி விக்கி அழுதார். மகள் வந்து அவர் தோளைப் பிடித்தாள். டிரைவரும் அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.

அழுகை ஓய்ந்ததும் மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தொழில் புத்தி யாரை விட்டது? கண் தானாகக் கூரை மூலைக்குப் போனது. அங்கிருந்து சுவர் வழியாக இறங்கியது. கதவு கழற்றிய நிலைச்சட்டத்தில் வந்து நின்றது. எழுந்து போய் நிலையைச் சாணால் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"என்ன மாப்பிள்ளை, நிலை இவ்வளவு அகலமா இருக்கு? எந்தக் கணக்கு இது?"

டிரைவர் தயங்கினார். "தையலுக்கு விட்டா மச்சான்."

"என்னது?"

"சட்டைக்கு ரெண்டு பக்கமும் உள்ள பிடிச்சுத் தைக்கத் துணி விடுவா இல்ல? அந்தப் பழக்கத்துல நிலைக்கும் ரெண்டு பக்கமும் சேர்த்து அளவு சொல்லிட்டா. ஆசாரி கதவைச் சரியான அளவுல செஞ்சு கொண்டாந்துட்டான். மாட்டினா கதவு நடுவுல நின்னு ஆடுது. அப்புறம் ஓரத்துல பட்டை வச்சு ஒட்டுப் போட்டோம்."

"இந்த ஒரு கதவுக்கா?"

"எல்லாத்துக்கும். கக்கூஸ் கதவு உட்பட."

மேஸ்திரியின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே பாவி."

"சொல்வாளா? தெரு முழுக்கத் தமுக்கு அடிச்சிருப்பீங்க."

"அடிச்சிருப்பேன்," என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு அவர் தையல் மிஷின் பக்கம் போனார். இடது பக்கத்து ஜன்னலிலிருந்து காலை வெயில் மிஷினின் தட்டில் விழுந்திருந்தது. ஊசி, ஊசியின் காது, அதில் கோத்து நின்ற நூல் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மேஸ்திரி ஜன்னல் சட்டத்தின் மேல் கையை வைத்தார்.

வண்டி வந்தது. நான்கு பேர் சுமந்து அவளைக் கொண்டு போனார்கள். அந்த அகலத்தில் யார் தோளும் நிலையில் இடிக்கவில்லை. முன்னால் ஒரு பக்கம் டிரைவர், மறுபக்கம் மேஸ்திரி.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மதியம் தாண்டியிருந்தது. கூட்டம் கலைந்தது, நாற்காலிக்காரன் வந்து அடுக்கிக்கொண்டு போனான். மச்சான் சொல்லாமல் கிளம்பிவிட்டாரோ என்று டிரைவர் தேடினார். வாசலில் இல்லை. அறையை எட்டிப் பார்த்தார். மிஷினுக்குப் பக்கத்தில், தரையில் காலை நீட்டி, சுவரில் முதுகை முழுதாகச் சாய்த்து, வாய் திறந்தபடி மேஸ்திரி தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல குறட்டை.

"கட்டில்ல படுக்கச் சொல்லவாப்பா?" என்றாள் மகள் மெதுவாக.

"வேண்டாம். அப்படியே தூங்கட்டும்."

டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. பசிக்கக்கூடச் செய்தது.

வெயில் தாழ்ந்த பிறகு மேஸ்திரி எழுந்து வந்தார். "அசந்துட்டேன் போல" என்று கூச்சத்தோடு சொன்னார். மோட்டார் சைக்கிள் பஞ்சர், பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவருடைய கருநீலச் சட்டையின் முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை, தங்கை எழுப்பிய அறைச் சுவரின் சுண்ணாம்பு வெள்ளையாக அப்பியிருந்தது.

"ஐயோ, மாமா முதுகுல…" என்று தட்டிவிடப் போன மகளின் கையை டிரைவர் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி தெருவில் இறங்கி, தெரிந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டு, அந்த வெள்ளையோடு முனை திரும்பும்வரை நடந்து போனார்.