இரண்டு தொட்டி மிளகாய்

திருவொற்றியூர் குழாய்க் கம்பெனியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் ரோஸ்மேரியின் வேலை. வயலில் தேங்கும் தண்ணீரை வடிக்க, மண்ணுக்கடியில் ஓட்டைக் குழாய் புதைப்பார்கள். உள்ளே மண் போகாமலிருக்க அதன்மேல் ஓர் உறை சுற்ற வேண்டும். எந்த உறை என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள்.

முதலாளி சிவந்தி அண்ணாச்சிக்கு மெல்லிய வெள்ளைத் துணி பிடித்துவிட்டது. அறுபது சுருள் வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகுதான் சோதனை.

ஒரு கண்ணாடிக் குழாயில் வெள்ளைத் துணி, இன்னொன்றில் தென்னை நார். மேலே நாகப்பட்டினத்து வயலிலிருந்து மூட்டையில் வந்த மண், அதன்மேல் தண்ணீர். இரண்டிலும் ஜோராக இறங்கியது.

“அதான் பாஸாயிட்டுல்லா. கையெழுத்துப் போடும்மா, இன்னைக்கே அனுப்பணும்” என்றார் அண்ணாச்சி.

நாகப்பட்டினத்துக் களிமண்ணில் தண்ணீர் இவ்வளவு அவசரப்படாது. ரோஸ்மேரி குழாயைக் கவிழ்த்தாள். தட்டில் ஒரு கிளிஞ்சல் விழுந்தது. அவள் வாட்ச்மேன் சவரிநாதனைக் கூப்பிட்டாள்.

“அங்கிள், வயல்லேர்ந்து வந்த மண்ணு இன்னா ஆச்சு?”

“சும்மா மூலைல கெடந்துச்சும்மா. தொட்டில கொட்டி மொளகா வெச்சேன். நாப்பது நாளாச்சு.”

“அப்ப மூட்டைல கீறது?”

“எண்ணூர் மணலு. காலியா இருந்தா நீ பேஜாராவன்னு ரொப்பி வெச்சேன்.”

உபகாரம் செய்த களை அவர் முகத்தில் இருந்தது. ரோஸ்மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் யாரோ ஒருவரின் பயிர் அழுகியிருக்கும், அவள் பெயரில்.

வெளியே போய்ப் பார்த்தாள். ஒரு தொட்டியில் மிளகாய் கொத்துக் கொத்தாய்க் காய்த்திருந்தது. மற்றதில் செடி அழுகி, மேலே தண்ணீர் நின்றது.

“மண்ணு ஒழுவாம அடில ஒண்ணு போட்டேன்” என்றார் சவரிநாதன். “அப்ப நீ சாம்பிளுக்கு வெட்டி மீந்த துண்டுதான். இதுல நாரு, அதுல வெள்ளைத் துணி.”

அழுகிய தொட்டியைக் கவிழ்த்தாள். வெள்ளைத் துணியில் சேறு கல்லில் ஒட்டிய தோசையாய் அப்பியிருந்தது. அந்த மண்ணையே இரண்டு குழாய்களிலும் போட்டாள். சாயங்காலம் வரை நாரிலிருந்து சொட்டியது. வெள்ளைத் துணியிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. அண்ணாச்சியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

அறிக்கையில் ‘தென்னை நார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிம்மதியாக இருந்தது. ‘சோதித்தவர்’ கட்டத்தில் தன் பெயருக்கு மேல் சவரிநாதன் பெயரையும் எழுதினாள்.

அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்தார்.

“சவரிநாதனா?”

“நான் ஒரு நாள்தான் பாத்தேன் அண்ணாச்சி. அவரு நாப்பது நாள் தண்ணி ஊத்திக்கீறாரு.”

அண்ணாச்சி அறுபது சுருளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அறிக்கையில் முத்திரை குத்தினார்.