கற்றாழைக்கு ஒரு கிராப்

சலூன்காரரின் மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் பிரிவில் வேலை. நாலு நாள் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பியவள், போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்து, ஜன்னலோரம் இருந்த கற்றாழைத் தொட்டியைக் காட்டினாள்.

“இதுல கை வைக்காதீங்க. அடி மடல் நாலு தொங்கிப்போயிருக்கு. நான் வந்து வெட்டிக்கிறேன்.”

“நான் ஏன் அதைத் தொடப்போறேன்?”

“உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியாதா? தொட்டா மீசை போகும். சம்மதமா?”

“சம்மதம்,” என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டே.

பதினெட்டு வருஷ மீசை. கடைப் பலகையில் எழுத்து அழிந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அவர் திருத்தி எழுதவே இல்லை. மீசைக்காரர் கடை எது என்று கேட்டால் தெருமுனையிலேயே கை காட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டதைப் பந்தயத்தில் வைக்கிறோமே என்று அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் டிராயிங் மாஸ்டர் வந்து ஜன்னலோர பெஞ்சில் உட்கார, ஒரு மடலின் முள் அவர் காதைக் கீறிவிட்டது.

“முதல்ல உன் செடிக்கு முடி வெட்டுப்பா. பரட்டைத் தலையா நிக்குது,” என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு, தன் தலையைத் திருத்திக்கொண்டு போய்விட்டார். சொன்னது மட்டும் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நுனி. காதைக் கீறிய அந்த ஒரு நுனியை மட்டும் எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எடுத்தார். எடுத்ததும் பக்கத்து மடல் நீளமாகத் தெரிந்தது. அதையும் எடுத்தார். எதிர்ப்பக்கம் தூக்கலாக நின்றது. சீப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். நிமிர்ந்தபோது, தொங்கிய நாலைத் தவிர மீதிப் பதினாறு மடலும் ஒரே மட்டம். மேலே ஒரு தட்டை வைத்து டீ குடிக்கலாம்.

வெட்டிய இடங்களில் வழுவழுவென்று சாறு கசிந்தது. கை பழக்கதோஷத்தில் தானாகவே வேலையைத் தொடர்ந்தது. தண்ணீர் பீச்சியது. படிகாரம் தேய்த்தது. பவுடர் போட்டது. பிரஷ்ஷால் தட்டிவிட்டது. கடைசியில் கைக்கண்ணாடியைச் செடிக்குப் பின்னால் பிடித்து, “பின்பக்கம் சரியா இருக்கா?” என்று கேட்டபோதுதான் அவருக்குச் சுரீரென்றது. கண்ணாடியில் தெரிந்தது அவருடைய மீசை.

மறுநாள் சாயங்காலம் மனைவி வந்தாள். அதற்குள் நுனிகள் சூடுபட்ட மாதிரி பழுப்பேறியிருந்தன.

“பூனை,” என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்பே. “ஜன்னல் வழியா வந்து கடிச்சுட்டுப் போயிடுச்சு.”

அவள் கோபப்படவில்லை. குனிந்து, நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள்.

“பூனையாத்தான் இருக்கும். கத்தரி பிடிச்ச கை பண்ணின வேலை மாதிரி இல்லை.”

“அதான் சொல்றேன்.”

“கோணல்மாணலா இருக்கு பாருங்க. இந்தப் பக்கம் இறங்கியிருக்கு. ஒரு கத்துக்குட்டிகூட இதைவிட நல்லா...”

“எங்கடி இறங்கியிருக்கு?” சலூன்காரர் எகிறிவிட்டார். “மட்டப்பலகை வெச்சுப் பாரு! ஒரு நூல் பிசகியிருந்தா இனிமே நான் கத்தரியையே தொடமாட்டேன்!”

அவள் பையைக் கீழே வைத்தாள். “உட்காருங்க நாற்காலியில.”

உட்கார்ந்தார். வாடிக்கையாளர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இது என்ன தலைமுடியா, நுனியை வெட்டினா வளர்றதுக்கு? வெட்டின நுனி வெட்டினதுதான். எடுக்கணும்னா அடியோட எடுக்கணும். அதுவும் கீழே இருக்கிறதை மட்டும்.”

கத்தியை வெந்நீரில் கழுவித் துடைத்து, தொங்கிய நாலு மடலையும் தண்டை ஒட்டி அறுத்தெடுத்தாள். மீதி மடல்களில் பவுடரைத் துடைத்தாள். தொட்டியை, வெளிச்சம் இருந்தாலும் மத்தியான வெயில் விழாத அலமாரிமேல் ஏற்றினாள்.

“வெட்டுவாய் காஞ்சு தோல் கட்டணும். தண்ணி கிடையாது, பவுடர் கிடையாது, தடவிக்கொடுக்கிறதும் கிடையாது. ரெண்டு விரல் ஆழத்துக்கு மண்ணு காஞ்சப்புறம் நானே தண்ணி விடுவேன். மூணு வாரத்துல நடுவில புதுக் குருத்து தெரிஞ்சா மீசை உங்களுது. அழுகிப்போனா என்னுது.”

வெட்டியதைச் சும்மா விடுவது என்பது அவர் தொழிலிலேயே கிடையாது. முதல் நாள் மட்டும் கை நாலு தடவை தண்ணீர் பாட்டிலுக்குப் போயிற்று. பாட்டிலை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மடலில் தூசி படிந்தால் வாயால் ஊதத் தோன்றியது, வாயைப் பொத்திக்கொண்டார். எட்டாம் நாள் வெட்டுவாய்கள் காய்ந்து வெளுத்தன. அது நல்லதா கெட்டதா என்று கேட்க ஆஸ்பத்திரிக்கே போய், கட்டுப் போட உட்கார்ந்திருந்தவர்களின் வரிசையில் நின்றார்.

“நல்லதுதான், போங்க,” என்று விரட்டினாள்.

கை மட்டும் அடங்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று, மீசையை லேசாக ஒதுக்கிவிட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வலப்பக்கம் ஒரு முடி நீளம். எடுத்தார். இப்போது இடப்பக்கம் கனமாகத் தெரிந்தது.

இருபதாம் நாள் காலையில், மடல்களுக்கு நடுவே பச்சைப்பசேலென்று ஒரு குருத்து, வெட்டுப்படாத நுனியோடு எட்டிப் பார்த்தது. அவர் போட்ட சத்தத்தில், வேலைக்குக் கிளம்பித் தெருவில் வந்துகொண்டிருந்த மனைவி ஓடிவந்தாள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை மண் மேல் மட்டும் ஊற்றினாள்.

“ஜெயிச்சுட்டீங்க. மீசை உங்களுது.”

“பார்த்தியா!” என்று அவர் மீசையை முறுக்கப்போனார். விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கண்ணாடிக்குத் திரும்பினார். மூக்குக்குக் கீழே, டிராயிங் மாஸ்டர் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு.

“இது... எப்போ?”

“ரெண்டாவது வாரத்துலேயே பாதி போயாச்சு.”

“பார்த்துக்கிட்டுச் சும்மாவா இருந்தே?”

“மீசையைத் தொடக்கூடாதுன்னு பந்தயத்துல இல்லையே,” என்றபடி அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

சலூன்காரர் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிப் போனார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலா இல்லே?” என்றார்.

“கத்தரியைக் கீழே வைங்க!” என்று தெருவிலிருந்து குரல் வந்தது.